நிலவை யோசிக்காமல் விட்டோம்

முருகையா அண்ணை போய்விட்டார் என்ற செய்தி நான்கு நாள் பிந்தித்தான் எனக்கு வந்தது. கனகராயன்குளத்திலிருந்து அவருடைய மருமகன் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். "மலேரியாக் காய்ச்சல்ங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சு," என்றார். முகத்தைப் பார்க்கவும் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. "இதை ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு," என்று ஒரு ஷொப்பிங் பையை நீட்டினார். உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முல்லைத்தீவுக் கரையில் அவரை வாய்க்கால்காரர் என்று கூப்பிட்டவர்கள் இன்னும் இருக்கிறீர்கள். மலையகத்திலிருந்து வந்த குடும்பம். நீர்ப்பாசன வாய்க்கால்களில் தண்ணீரின் ஓட்டத்தை அளந்தவர். இடம்பெயர்ந்து எங்கள் கரைக்கு வந்தபோது நான் கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுத்து வேலை செய்தேன். கலப்பட மண்ணெண்ணெயில் எஞ்சின் நின்று வள்ளங்கள் அள்ளுண்டு போன காலம். தேடிப்போக ஒரு வள்ளத்துக்குத்தான் எண்ணெய் தேறும். ஒரு திசையில்தான் தேடலாம். ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுவார்கள்.

"அளந்து பாத்திருவோமே," என்றார் அவர்.

"கடலென்ன உங்கடை வாய்க்காலோ?" என்று என் கணவர் யோசப் சிரித்தார். ஆனாலும் வள்ளத்தை ஓட்டியது அவர்தான்.

அண்ணைக்கு நீந்தத் தெரியாது. ஒரு கையால் வள்ளத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, பாதி மணல் போட்ட போத்தலில் வெள்ளைக் கொடி கட்டி மிதக்க விடுவார். அது போன தூரத்தையும் நேரத்தையும் அவர் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதுவேன். "ஏறுற தண்ணி தெக்க இழுக்கும், வத்துற தண்ணி வடக்க இழுக்கும். ஒண்ணுல ஒண்ணைக் கழிச்சா மிஞ்சுறது எந்தப் பக்கமோ, அங்கதான் வள்ளம் போகும்," என்பார்.

தண்ணீர் ஏறி வற்றி முடிய அரை நாளுக்குமேல் வேண்டும். மதியம் கழிந்தால் காற்று எழும்பிவிடும். இரவில் கொடியைப் பார்க்க ரோச் லைற் வேண்டும். போர்க்காலம், பற்றரி வன்னிக்குள் வரத் தடை. அண்ணை ஒரு வழி கண்டார். ஏற்றம் நாளுக்கு முக்கால் மணித்தியாலம் பிந்துகிறது. ஆகவே பதினைந்து நாள் காலையில் மட்டும் அளந்து, துண்டுகளை ஒட்டினால் முழுச்சுற்றும் கிடைக்கும். ஒட்டினோம். தெற்கு மிஞ்சியது. சங்கச் சுவரில் எழுதி ஒட்டினேன்.

அடுத்த மாதம் யோசப்பின் வள்ளம் திரும்பவில்லை. தெற்கே தேடினார்கள், இருந்த எண்ணெய் முடியும்வரை. நான்காம் நாள் வடக்கே ஆளில்லாத கரையில் வள்ளம் ஒதுங்கியது. அவர் உள்ளே கிடந்தார். கொண்டுபோன குடிதண்ணீர்க் கான் காய்ந்திருந்தது. உடம்பு இன்னும் விறைக்கவில்லை என்றார்கள்.

அடக்கம் முடிந்து அண்ணை வந்தபோது கொப்பியை அவர் முகத்தில் எறிந்தேன்.

"உங்கடை கணக்கு என்ரை மனுசனைத் திண்டிட்டுது," என்றேன்.

அவர் அதைப் பொறுக்கிக்கொண்டு முற்றத்தில் குந்தியிருந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார். கடற்கரை வீட்டுப் பழக்கத்தில் நான் ஓரத்தில் முழுநிலவுக்குப் பறுவம், அரைநிலவுக்கு அட்டமி என்று குறித்திருந்தேன். அவர் விரல் அங்கே நின்றது. ஏறுகிற தண்ணீரை எல்லாம் பறுவத்தை ஒட்டி அளந்திருந்தோம், ஓட்டம் கடுமையான நாட்களில். வற்றுகிற தண்ணீரை எல்லாம் அட்டமியை ஒட்டி, ஓட்டம் செத்துக் கிடக்கும் நாட்களில். அந்தக் கழித்தல் எப்படிச் சரிவரும்? எங்கள் கரையில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விடயம். எழுதிய எனக்குத் தெரியாதா? பிழையில் எனக்கும் பங்கு உண்டென்று அன்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த பறுவத்தன்று அண்ணை பொழுதுபடப் போய், விடிந்தபின் ஈர உடுப்போடு வந்து நின்றார். ஒரே ஓட்டமாக முழுச்சுற்றையும் அளந்திருந்தார்.

"வடக்குத்தான் தங்கச்சி. நெலா வெளிச்சத்துல கொடி நல்லாத் தெரியுது. பெட்டரி இல்லேன்னு அழுதோம். நெலாவை யோசிக்கலையே."

"போங்கோ அண்ணை," என்றேன். அதற்குப் பிறகு நான் அவரோடு கதைக்கவேயில்லை.

வடக்கே தேடிப்போய்ப் பிறகு இரண்டு வள்ளங்களில் இருந்தவர்களை உயிரோடு கொண்டுவந்தார்கள். அவர்கள் இதை வாசிக்கக்கூடும். உங்களுக்கு உயிர் தந்தவர் அந்த மனிதர்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது பைக்குள் இருந்த அந்தக் கொப்பி ஒன்றுதான். பிழையான கழித்தலின் கீழே, "பிழை என்னுடையது. முருகையா" என்று எழுதியிருக்கிறார். ஓரக் குறிப்புகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நேற்று அதன் கீழே என் பெயரையும் எழுதினேன். அதை வாசிக்க வேண்டியவர் இப்போது இல்லை.