லான் மேடம் திருப்பிய வான்

காலை பஸ் வந்தது. ஆறாம் லைன் பிள்ளைகள் ஒருவரும் இறங்கவில்லை.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் நான் எச்.ஆர். பொறுப்பாளராக இருந்த காலம். அந்த லைனின், அதாவது அந்தத் தையல் மெஷின் வரிசையின், லீடர் சுகந்தியின் தாய் புதுக்குடியிருப்பில் இறந்துபோனார். லீவு கேட்காமலே முழு லைனும் அங்கே போய்விட்டது. ஷிப்மென்ட் கழுத்தை நெரித்தது. லைனைக் கலைத்துப் புது ஆட்களை எடுக்கச் சொல்லிக் கொழும்புத் தலைமை அலுவலகம் ஒற்றைக்காலில் நின்றது.

மாலைக்குள் முடிவு சொல்லவேண்டியவர் புரொடக்‌ஷன் மானேஜர் லான் மேடம். வியட்நாமிலிருந்து வந்து சில மாதம்தான். சிரிப்பைக்கூட அளந்துதான் தருவார். அவருக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு வாசகம். வேலை முடிந்து போகும்போது ஒவ்வொரு லைனுக்கும் "போட்டு வாறன்" என்பார், போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம். மற்றதெல்லாம் ஆங்கிலம், இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

"ஒராள் செத்ததுக்கு ஒரு லைனே போகவேணுமோ?" என்றார்.

"வந்து பாருங்கோ மேடம்."

கொம்பனி வானில் என்னோடு வந்தார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வளவில் எங்கள் பிள்ளைகள்தான் சோறு வடித்தார்கள், கதிரை அடுக்கினார்கள். சுகந்திக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. மேடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். புறப்படும்போது சுகந்தியின் கையைப் பிடித்து, மிகக் கனிவாக, "போட்டு வாறன்" என்றார்.

செத்தவீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. திரும்ப வருகிறேன் என்றால், அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றுதான் எடுப்பார்கள். ஒப்பாரி நின்றது. "என்ன கதை கதைக்கிறா இவா?" என்று சுகந்தியின் மாமி முணுமுணுத்தார்.

வானில் ஏறியதும் மேடம் கேட்டார். "நான் என்ன பிழை விட்டனான்?"

சொன்னேன். "வெளிநாட்டு ஆள் எண்டு அவைக்கு விளங்கும், விடுங்கோ" என்று பூசி மெழுகவும் பார்த்தேன்.

"வானைத் திருப்பச் சொல்லுங்கோ" என்றார். "வாறன் எண்டு சொல்லிப்போட்டன். இப்பவே போனா, அந்தச் சொல் இண்டையோட முடிஞ்சிடும்தானே. பிறகு ஒரு நாளும் வரத் தேவையில்லை."

டிரைவரிடம் திருப்பச் சொன்னேன். அந்த வழக்கத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் நான். அதற்கு ஒரு பரிகாரம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

திரும்பிப் போய், மேடம் சொன்னதை அப்படியே சுகந்தியிடம் சொன்னேன். மாமி சற்று நகர்ந்து பாயில் இடம் விட்டார். சுகந்தி மேடத்தின் தோளில் சாய்ந்து அழுதாள். பிரேதம் எடுக்கும்வரை மேடம் அசையவில்லை. பிறகு யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்து வானில் ஏறினார்.

வழியிலேயே கொழும்புக்கு அழைத்தார். "ஆறாம் லைனில ஒருத்தரையும் வேலையால நிப்பாட்டேலாது. நாளைக்கு வருவினம்."

அடுத்த நாள், சுகந்தியைத் தவிர எல்லாரும் மணி அடிக்கமுன்னரே மெஷினில் இருந்தார்கள்.

வெளிநாட்டுக்கு மானேஜராகப் போகும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. எந்த ஊர் வழக்கத்தையும் முழுதாகப் படித்துக்கொண்டு போக முடியாது. பிழை விடத்தான் செய்வீர்கள். பிழை விட்ட வாசலுக்கே திரும்பிப் போகக் கால் கூசாதிருந்தால் போதும்.