செம்மண் பட்ட மாற்று

துபாயிலிருந்து வந்த மகனுடைய வெள்ளை வேட்டியை மருமகள் பிளீச்சிங் பவுடரில் முக்கினாள். அந்த வாடை ஏறினதும் எனக்கு அம்மா நினைப்பு வந்துவிட்டது.

அம்மா பாறசாலைப் பக்கம் ஊருக்குத் துணி வெளுத்தவள். ஆட்டுப் புழுக்கை கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, ஊர் நிலமெல்லாம் கையில் வைத்திருந்த தம்புரானுடைய புல்மேட்டில் விரிப்பாள். காயக் காய நான் தண்ணீர் தெளிப்பேன். ஈரத்தில் வெயில் பட்டால்தான் வெளுக்கும்.

குடியிருக்கிறவனுக்கே குடிசை மண் என்று குடிகிடப்புச் சட்டம் வந்து, தம்புரான் நிலத்தில் எங்கள் குடிசை நின்ற பத்து சென்ட் எங்களுக்கு ஆனது. தம்புரான் புல்மேட்டுக்கு முள்வேலி போட்டார்.

"உனக்குத்தான் சொந்தப் பூமி கிட்டியாச்சே செல்லம்மே, அங்க விரிச்சுக்கோ" என்றார் அம்மாவிடம்.

எங்கள் பூமியில் புல் ஏது, வெறும் செம்மண்.

அந்த வருஷமே தம்புரானுடைய தாயார் இறந்துபோனார். வண்ணாத்தி வெளுத்துக் கொடுக்கும் துணியை உடுத்தால்தான் சாவுத் தீட்டுக் கழியும். மாற்று என்று அதற்குப் பேர். கடைத்துணி ஆகாது. தம்புரானே எங்கள் முற்றத்துக்கு வந்தார்.

"மாற்று கிட்டுமா?"

"கொண்டு வாறேன் ஏமானே."

வேலியைத் திறக்கச் சொல்லி அம்மா கேட்கவில்லை. அவரும் திறக்கவில்லை. அம்மா முற்றத்திலேயே விரித்து வெளுத்தாள். சாவு வீட்டில் கொண்டுவைத்தபோது துணியின் ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இதையாடி வெளுத்தேன்னு கொண்டுவந்தே?" என்றார் அங்கிருந்த காரணவர் ஒருத்தர், அந்தக் குடும்பத்துப் பெரியவர்.

"எங்க மண்ணாக்கும் அது. எவ்வளவு அலசியும் போவல்ல." என்றாள் அம்மா.

தம்புரான் துணியை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனார். குளித்து ஏறி வந்தபோது அந்தச் சிவப்போடேயே அதை உடுத்தியிருந்தார்.