துரை பார்த்த இரண்டு வீடுகள்

எங்கள் நாடகத்தின் கதாநாயகன் பினாங்கில் மூட்டை தூக்குகிறவன். நாகப்பட்டினத்து வீட்டை நினைத்து உருகுகிறவன். அந்த நாடகத்துக்கு மேடையை இரண்டாகப் பிரித்துப் படுதாவில் சீன் எழுதும் வேலை எனக்கு. பகலில் நான் கம்பெனிக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. வலப்பக்கம் அவன் நினைவு: ஓட்டு வீடு, கிணறு, மல்லிகைப் பந்தல். இடப்பக்கம் அவன் பிழைப்பு. அதற்கு எங்கே போவேன்? சுங்கை பினாங்கில் நாங்கள் குடியிருந்த கம்பெனி லயத்தை, அந்த வரிசை வீடுகளையே வரைந்துவிட்டேன். ஒழுகும் தகரம், இடிந்த சாக்கடை, குழாயடியில் முட்டி மோதும் வாளிகள், ஒன்றையும் விடவில்லை.

கதாநாயகனாக நடித்தவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்னண்ணே, கெணத்துல இம்புட்டுத் தண்ணியா? எங்க ஊருல நான் பார்த்ததே இல்லலா!"

"நெனப்புல என்ன தம்பி பஞ்சம்?" என்றேன்.

நாடகத்தன்று மத்தியானம் பெரிய கிராணி வந்தார். "நம்ம கம்பெனித் துரை தலைமை தாங்க வர்றாரு. மாலைக்குச் சொல்லியாச்சு." முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரரை மாலை போட்டு உட்கார வைத்தால்தான் நம் ஆட்களுக்கு நாடகம் நாடகமாக இருக்கும். எனக்கோ வேறு கவலை. லயம் அந்தத் துரையின் பொறுப்பு. அதன் லட்சணத்தை மேடையேற்றியவனைச் சும்மா விடுவாரா? வேலை போனால் வீடும் போகும். மனைவி நிறைமாதம்.

இடப்பக்கத்தை மறைக்க ஒரு பூந்தோட்டப் படுதாவை இழுத்து வந்தேன். நடிகன் விடவில்லை. "அத மூடிட்டா நான் எங்கண்ணே நின்னு அழுறது?"

நாடகம் முழுக்கப் பக்கத்திரை ஓரமாக நின்று துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வசனமும் காதில் ஏறவில்லை. அவர் பெரிய கிராணி பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

முடிந்ததும் துரை மேடையேறி, சீன் எழுதியவனைக் கூப்பிடச் சொன்னார். பெரிய கிராணி என்னை முன்னால் தள்ளினார். துரைக்குத் தமிழ் தெரியாது. ஒழுகும் தகரத்தைக் கைகாட்டி மலாயில் கேட்டார், உங்கள் ஊரில் இப்படியா கஷ்டப்பட்டீர்கள் என்று. பிறகு கிணற்றையும் பந்தலையும் பார்த்து, "பாகுஸ், பாகுஸ்!" என்று பாராட்டினார். கம்பெனி கொடுத்த வீட்டை அழகாக வரைந்திருக்கிறாயாம். முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"ஆமாம், துவான்" என்றேன்.

வேலை தப்பியது. ஆனால் பிள்ளை பிறக்கப்போகும் கூரை ஒழுகுகிறது என்று இனி எந்த வாயால் அவரிடம் சொல்வேன்? அவருடைய ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் எங்கள் லயம்தான் தெரியும்.