ட்ரையல் பள்ளத்தில் உப்புக் கைகள்

பெரிய சுரங்கம் தோண்ட நினைக்கிறவர்கள் முதலில் சின்னதாக ஒரு பள்ளம் வெட்டிப் பார்ப்பார்கள்; எங்களைப் போன்ற கூலியாட்களின் பிழைப்பு அந்தச் சின்னப் பள்ளத்தில்தான். கைக்குழந்தையோடு வேலை தேடி அலைந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சுனாமிச் சேறு ஏறி எங்கள் மரக்காணம் உப்பளம் மூடிக் கிடந்த வருஷம். களிமண் சுரங்கத்துக்கு ட்ரையல் பார்க்க வந்த கம்பெனியை விட்டால் எனக்கு வேறு வேலை கிடையாது.

ஏணை கட்டிய இடம்

முதல் நாள். இன்ஜினியர் சார் சுண்ணாம்புப் பொடியால் தரையில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். "கைக்குழந்தைக்காரி வேணாம்" என்றார் மேஸ்திரி. எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. ஆனால் வீட்டுக்கும் போகவில்லை. மரமே இல்லாத இடம். போர் போடுகிற இரும்பு முக்காலியில் புடவையால் ஏணை கட்டி, பாப்பாவைப் போட்டுவிட்டு, கூடையோடு வரிசையில் நின்றுகொண்டேன். சார் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, மெஷின் மாட்டற எடத்துல புள்ளைய மாட்டி வச்சிருக்கியே! சரி, அது எழுந்துக்கற வரைக்கும் கையாலயே வெட்டுங்கப்பா."

வராத மழை

மேலே செம்மண், நடுவில் சாம்பல் மண், அடியில் வெள்ளைக் களி. எந்த ஆழத்தில் எது இருக்கிறது என்று பார்க்கத்தான் ட்ரையலே. மூன்றையும் தனித்தனியாகக் கொட்டச் சொல்லிவிட்டு சார் சாப்பிடப் போனார். வானம் இருட்டி, இடித்தது. உப்பளத்தில் இடி கேட்டால் நாங்கள் யாரையும் கேட்க மாட்டோம். இருக்கிறதையெல்லாம் வாரி ஒரே அம்பாரமாகக் குவித்து, தட்டி, ஓலை போட்டு மூடிவிடுவோம். அன்றைக்கும் அதையே செய்தோம். ஒரு சொட்டு விழவில்லை. சார் வந்து பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரிதான் கத்தினார்.

"அத்தனையும் கலந்துட்டீங்களே! நாளன்னிக்கு வெளியூரு ஆளுங்க வர்றாங்க. இனிமே நீங்க யாரும் வராதீங்க."

தார்ப்பாய்

மறுநாளும் போனேன், கூட வேலை செய்யும் சாந்தி அக்காவையும் மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு. சார் முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியைப் பார்த்தே சொன்னேன்: "பக்கத்துலயே இன்னொரு பள்ளம் வெட்டித் தர்றோம் சார். இந்தத் தடவை கலக்காது."

சார் தலையாட்டவும் வெட்டினோம். மதியம் மறுபடியும் இடி. எல்லாரும் கூடையைத் தூக்கிவிட்டார்கள். நான் ஓடிப்போய் குவியல்களுக்கு நடுவில் நின்று, "யாராவது வாரினீங்க, தெரியும் சேதி! தனித்தனியா மூடுங்க" என்று கத்தினேன். ஆளுக்கொரு முனை பிடித்துத் தார்ப்பாய் போட்டு முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. விட்டதும் சார் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். "வெளியூர் ஆளுங்களை வேணாம்னு சொல்லிடுங்க மேஸ்திரி" என்றார். சாந்தி அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அடிப்பாவி, இந்தத் தொண்டைய இவ்ளோ நாளா எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?"

சுரங்கம் வருமா வராதா என்று அவர்கள் முடிவு பண்ணுவதற்குள் எங்கள் உப்பளம் திறந்துவிட்டது. அதுவரை ட்ரையல் வேலையில் கூலி வந்தது; எங்களுக்கு வேண்டியிருந்ததும் அந்தத் தாமதம்தான்.