அந்தோனியார் கண்டெடுத்த பிள்ளை

என் விசுவாசக் குடும்பத்தாரே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் திரும்பி வரவில்லை. ஆனாலும் என் செபம் கேட்கப்பட்டது. விசா கிடைத்தது, கட்டி கரைந்தது என்று சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இதுதான் இருக்கிறது.

என் பெயர் மேரி. பிளேஸ்டோவில் இருக்கிறேன். கணவர் முதலில் லண்டன் வந்து, பிறகு என்னைக் கூப்பிட்டார். மகன் அன்ரனுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டதால் விசா கிடைக்கவில்லை. அவனை வன்னியில் என் தங்கச்சியோடு விட்டுவிட்டு வந்தேன். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஒருநாள் அங்கிருந்து எனக்குப் போன் எடுத்தான்.

"அம்மா, நம்பரை மாத்திப்போடாதேங்கோ. எனக்கு இது ஒண்டுதான் மனப்பாடம்."

அதுதான் கடைசி. தண்ணீர் எடுக்கப் போனவன் ஷெல்லடிக்குள் திரும்பி வரவில்லை என்று தங்கச்சி பிறகு சொன்னாள். உடலை யாரும் காணவில்லை.

காணாமல்போனதைக் கண்டெடுத்துத் தருகிறவர் என்றுதான் அந்தோனியாரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்திருந்தேன். செவ்வாய் தவறாமல் மெழுகுதிரி கொளுத்தி, மகனைத் தாரும் என்று பதினைந்து வருடம் கேட்டேன். வீடு மாறவில்லை. போன் லைனை வெட்டவில்லை. நவம்பரில் மரித்தவர்களின் பெயர்களை எழுதிப் பீடத்தில் வைக்கக் கோயிலில் உறை தருவார்களே, வருடா வருடம் அதனால் எங்கள் வீட்டில் சண்டை.

"மேரி, அவன்ர பேரையும் எழுதுவம். பிள்ளைக்கு ஒரு பூசையாவது குடுப்பம்" என்பார் கணவர்.

"என்ர பிள்ளையைச் செத்தவன் எண்டு எழுதினால் நான் இந்த வீட்டில இருக்கமாட்டன்."

அந்த மனுசன் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்று அழுவார். நான் எட்டிப் பார்க்கவும் மாட்டேன். அவ்வளவு கல்நெஞ்சு எனக்கு.

எனக்குக் கெயார் வேலை. நாலு தெரு தள்ளி ஐலீன் என்ற வயதான வெள்ளைக்கார அம்மாவைக் காலையில் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுப்பேன். வாசல் பூச்சாடிக்குக் கீழே சாவி இருக்கும். எடுத்துத் திறந்து போவேன். அவருடைய அலுமாரிக்கு மேலே ஒரு படம். பெரிய குண்டு விமானம், முன்னால் ஏழு பொடியன்கள் சிரித்தபடி. அதில் ஒருவன் அவருடைய அண்ணன் ரொன். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மனிக்குக் குண்டு போடப் போன அந்த விமானம் திரும்பவில்லை. எண்பது வருடமாக ஒரு தகவலும் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இரக்கம் வரவில்லை. அன்ரனை மடியில் அமத்திக்கொண்டு பங்கருக்குள் கிடந்தவள் நான். குண்டு போடுகிற விமானம் விழுந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். தூசி தட்டும்போது படத்தைக் குப்புறப் போடுவேன். ஒருநாள் நிமிர்த்த மறந்துவிட்டேன். ஐலீன் கண்டு ஏன் என்று கேட்டார். வேலை போனாலும் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"கீழே இருந்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும். எனக்குத் தெரியும், மேரி. ஆனால் சின்ன வயதில் என் காலில் சப்பாத்து மாட்டி நாடா கட்டிவிட்டவன் அவன்" என்றார். பிறகுதான் சாவியின் கதையைச் சொன்னார். ரொன் வந்தால் திறக்கட்டும் என்று அவருடைய தாய் வைத்த சாவியாம். அதற்காகவே இவரும் வீடு மாறவில்லையாம். நான் படத்தை நிமிர்த்தி வைத்தேன்.

போன வருடம் ஐலீனுக்கு ஒரு கடிதம் வந்தது. கண் மங்கியதால் என்னிடம் வாசிக்கத் தந்தார். ஒல்லாந்து நாட்டில் ஓர் ஏரிச் சேற்றுக்குள் ரொன் போன விமானம் கிடைத்திருந்தது. எலும்புகளைப் பிரித்து அறிய முடியாததால் ஏழு பேரையும் ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்போகிறார்கள். ஐலீன் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். "அப்படியென்றால் அவன் தனியாக இருக்கவில்லை, இல்லையா?" என்று கேட்டார்.

அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போனேன். செபிக்க அல்ல, சண்டை பிடிக்க.

"அந்தோனியாரே, நான் கேட்டது வேற பிள்ளை! ஆரோ வெள்ளைக்காரப் பொடியனைத் தேடிக் குடுத்திருக்கிறீர். என்ர பிள்ளை எங்க?"

பதினைந்து வருடத்தில் அன்றுதான் வாய்விட்டு அழுதேன். அழுது ஓய்ந்தபோது ஐலீனின் கேள்வி எனக்குள் வந்து உட்கார்ந்தது. என் பிள்ளை விழுந்த நேரம் பக்கத்தில் யார் இருந்தது? அவன் சாகவில்லை என்று பிடிவாதம் பிடித்ததால் நான் அதைக் கேட்டதே இல்லை. நான் இல்லாத இடத்தில் ஆண்டவர் இருந்தார். எனக்கு அது அன்று தெரிந்தது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் தெரிந்தது.

ஐலீனால் ஒல்லாந்துக்குப் பயணம் செய்ய ஏலாது. உன் கோயிலில் செபிப்பாயா என்று கேட்டு ஏழு பெயர்களையும் சொன்னார். வீட்டுக்கு வந்து நவம்பர் உறையில் எழுதினேன். ஏழாவது பெயருக்குக் கீழே இடம் இருந்தது. கணவரைக் கூப்பிட்டேன்.

"இஞ்சேருங்கோ. நீங்களே எழுதுங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பேனையை வாங்கினார். அன்ரன் என்று எழுதினார்.

மரித்த விசுவாசிகளின் நாளன்று பாதர் அந்த ஆங்கிலப் பெயர்களில் தடக்குப்பட்டுத் தடக்குப்பட்டு வாசித்தார். எட்டாவது பெயரில் தடக்குப்படவில்லை. குண்டு போடப் போனவர்களும், குண்டுக்குப் பயந்து என் மடியில் கிடந்தவனும் ஒரே பூசையில். கணவர் என் கையைப் பிடித்தபடி அழுதார். இந்த முறை நானும் கூட இருந்தேன்.

உங்களில் எத்தனையோ பேர் இப்படி ஒரு பெயரை எழுதாமல் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுத ஏலாவிட்டால் எழுத வேண்டாம். முதலில் வந்து ஆண்டவரோடு சண்டை பிடியுங்கள். அவர் தாங்குவார். பக்கத்தில் நான் இருக்கிறேன்.

போன் லைனை இன்னும் வெட்டவில்லை. ஆண்டவர் அதை என்னிடம் கேட்கவும் இல்லை. மணி அடித்தால் இப்போதும் ஓடித்தான் போகிறேன்.