வெற்றுத் தாளில் ஒரு கையெழுத்து

சரக்கு வந்து இறங்கினால் விஸ்வலிங்கம் முதலில் எண்ணெய்த் தகரத்தைப் பார்க்கமாட்டார். "கடிதம் எங்கே?" என்று கையை நீட்டுவார். தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் மளிகைக்கடை வைத்த நாளிலிருந்து இந்தப் பழக்கம் மாறவில்லை. 'இந்தத் தேங்காய் எண்ணெய் கலப்படமில்லாதது, இதற்கு நான் பொறுப்பு' என்று விற்பவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

கடைக்கு முன் அவர் சுகாதார அலுவலகத்தில் கிராணியாக, கோப்பு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவர். கலப்படச் சரக்கு விற்றுப் பிடிபட்டவர்களின் கோப்புகள் அவர் மேசையைத் தாண்டித்தான் கோர்ட்டுக்குப் போகும். அழுதவன், காலில் விழுந்தவன் எல்லாரும் அபராதம் கட்டினார்கள். மொத்த வியாபாரி தந்த உத்தரவாதக் கடிதத்தை நீட்டி, 'நல்ல சரக்கென்று நம்பி வாங்கினேன், வாங்கியபடியே விற்றேன்' என்றவன் மட்டும் தப்பித்தான். வழக்கு அந்த மொத்த வியாபாரியின் பக்கம் திரும்பிவிடும். மனிதர்களைவிடத் தாளை நம்பலாம் என்று விஸ்வலிங்கம் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

சூலியா தெரு எண்ணெய் வியாபாரி ஹபீப் முகம்மதுக்கு இது ஓயாத வேடிக்கை.

"கிராணி, என் நிக்காஹ்வுக்குக்கூட இத்தனை கையெழுத்து போட்டதில்ல லா!"

"அந்த ஒரு கையெழுத்துக்கே நூர் பீவி உங்கள ஆட்டி வைக்குது பாய்."

ஜப்பான்காரன் வந்து பெட்ரோல் காணாமல் போனதும் ஹபீப் சைக்கிளில் சரக்குக் கொண்டுவரத் தொடங்கினார். ஒருநாள் பத்து வெற்றுத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"தேதி, சரக்கு எல்லாம் நீங்களே நிரப்பிக்குங்க. உங்க இங்கிலீசு எழுத்துதான் முத்து முத்தா இருக்கு. வேற யாருக்கும் இப்படிக் கொடுக்கமாட்டேன்."

விஸ்வலிங்கத்தின் மனைவி புஷ்பராணியும் பெண்பிள்ளைகளும் சண்டைக்கு முன்பே யாழ்ப்பாணம் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து தபாலும் நின்றுபோயிற்று. வியாபாரப் பேச்சு அல்லாத பேச்சு அவருக்கு வாரத்தில் கால்மணி நேரம்தான், ஹபீப் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்காரும் அந்தக் கால்மணி நேரம்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் மூன்று வாரம் ஹபீபுக்கே எண்ணெய் கிடைக்கவில்லை. அக்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து சம்பான் படகில் வந்ததாகச் சொன்ன ஒருவன் இரண்டு தகரம் கொண்டுவந்தான். விஸ்வலிங்கம் வழக்கம்போல் கையை நீட்டினார்.

"காயிதம் கேட்டா அடுத்த கடைக்குப் போறேன் லா," என்றான் அவன்.

காலியான அலமாரியைப் பார்த்தார். அவன் பெயரைக்கூடக் கேட்காமல் வாங்கிவிட்டார்.

அந்த எண்ணெயில் சமைத்த வீடுகளில் ஒன்பது பேர் வாந்தியெடுத்துப் படுத்தார்கள். மூன்றாம் நாள் காலை இன்ஸ்பெக்டர் குலசேகரம் வந்தார். பழைய அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர். மூன்று குப்பிகளில் மாதிரி எடுத்து அரக்கு வைத்தார். வாசலில் ஒரு ஜப்பானியச் சிப்பாய் நின்றான்.

"மெஷின் எண்ணெய் வாடை அடிக்குது, லிங்கம். இப்ப அபராதத்தோட விடமாட்டாங்க. நீ கடிதம் வச்சிருப்பியே, அதைக் கொடு."

"உள்ளே இருக்கு. எடுத்திட்டு வர்றேன்."

உள்ளறையில் ஹபீப் கையெழுத்திட்ட தாள்களில் இரண்டு மீதி இருந்தன. ஒன்றை எடுத்துத் தேதியையும் இரண்டு தகரத்தையும் எழுதினார். ஹபீபைக் கேட்பார்கள், அவர் மறுப்பார், அவர் கணக்கில் இந்த விற்பனை இருக்காது, அதற்குள் சூடு ஆறிவிடும். ஒரு கடிதம் போகும், விளக்கம் வரும். விஸ்வலிங்கம் அறிந்த வெள்ளைக்கார அரசாங்கம் அப்படித்தான் நடந்தது. இதை உண்மையாகவே நம்பினாரா, அந்த நிமிஷத்துக்கு நம்பிக்கொண்டாரா என்பது பின்னாளில் அவருக்கே விளங்கவில்லை.

மை இன்னும் காயவில்லை. குலசேகரம் அதைக் கவனித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மதியமே ஹபீபைப் பிடித்துப்போனார்கள். தாளைக் காட்டிக் கேட்டபோது, "என் கையெழுத்துதான்," என்றாராம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை என்று குலசேகரம் வந்து சொன்னார். தன் பழைய சரக்குதான் கெட்டுவிட்டது என்று நினைத்தாரா? எல்லாம் புரிந்தும் நண்பனைக் காட்டிக்கொடுக்கவில்லையா? ஹபீபைத்தான் கேட்க வேண்டும். நாற்பது நாள் கழித்து அவரைத் தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பதினொரு நாள் உயிரோடு இருந்தார். அந்தப் பதினொரு நாளும் விஸ்வலிங்கம் சூலியா தெரு முனைவரை போய்த் திரும்பினார்.

அடக்கம் முடிந்து சில நாளானபின்தான் அந்த வீட்டுப்படி ஏறினார். திரைக்குப் பின்னாலிருந்து நூர் பீவி பேசினாள்.

"எங்க சரக்காலதானே அண்ணே உங்க கடைக்குக் கெட்ட பேரு? ஒன்பது பேரு படுத்தாங்களாமே. எங்க வீட்டுக்காரருக்காக நான் மாப்பு கேட்டுக்கிறேன்."

"பரவாயில்லம்மா" என்று மட்டும் சொன்னார். வெயிலில் நடந்தே வீடு திரும்பினார். அதன்பின் அந்தக் கடையில் யாரும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்காரவில்லை.

சண்டை முடிந்து இலங்கைக்குக் கப்பல் விட்டதும் கடையைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். அன்று நூர் பீவி முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி கடை வாசலுக்கே வந்தாள்.

"அந்த எண்ணெய் விசயத்த மனசுல வச்சுக்காதீங்க அண்ணே."

"இல்லம்மா," என்றார்.

அது ஹபீபின் எண்ணெய் அல்ல என்ற ஒரே வாக்கியம் அவர் அவளுக்குத் தரவேண்டியிருந்தது. அதைத் தராமலே கப்பலேறினார். யாழ்ப்பாணத்தில் இன்னும் பதின்மூன்று வருஷம் இருந்தார். தராமலே போய்ச் சேர்ந்தார். நூர் பீவி சூலியா தெருவில், புருஷன் விற்காத எண்ணெய்க்காக, பார்த்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.