சாணவண்டைப் பார்க்க வந்த அதிகாரி

காட்டில் புதுச்சாணத்தை வைத்துவிட்டு, வண்டு வருகிறதா என்று உட்கார்ந்து பார்ப்பது என் தொழில். செய்கிற வேலையை நாலுபேர் முன்னால் சொல்லக் கூசுகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள்; உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வட்டவடை என்னும் மலைக்கிராமத்துக்கு மேலே ஒரு சிறு சோலைக்காடு. அதன் நடுவே, ஒரு தங்கும் விடுதிக்கு ரோடு போட ஏற்பாடு. அங்கே சாணவண்டுகள் வாழ்வதை மேலதிகாரி கண்ணால் பார்த்தால் ரோட்டைச் சுற்றிக் கொண்டுபோவார்கள். இல்லையென்றால் சோலை போகும். காட்டவேண்டியவன் நான்.

ஜீப்பில்

காட்டுமாடு வராத நாட்களில் சாணத்தை நான்தான் கொண்டுபோக வேண்டும். வட்டவடையில் கேட்டால் பூண்டு வயலுக்கே பற்றவில்லை என்பார்கள். அதனால் கீழே எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மாடு வளர்க்கும் மரியம்மாளிடம் வாங்கி, மடியில் வாளியோடு ஜீப்பில் ஏறுவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மெல்ல நகர்வார்கள். டிரைவர் ஒருநாள் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாரும் மேலேர்ந்து கேரட்டு கொண்டு போறாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் கீழேர்ந்து சாணி கொண்டு வாறீங்க. படிச்ச படிப்பு அப்படி!"

சுரங்கத்தில்

இந்த வண்டு மேலே நின்று தின்றுவிட்டுப் போவதில்லை. சாணத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டும். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து, உருண்டை பிடித்து, உருண்டைக்கு ஒரு முட்டை வைக்கும். கொம்புள்ள ஆண் வாயிலில் நின்று அடுத்த ஆணை முட்டித் தள்ளும். தாயோ, புழு வண்டாகி வெளியேறும்வரை உருண்டைகளை விட்டு நகராது. பூசணம் பிடிக்காமல் துடைத்துக்கொண்டே இருக்கும். ஒரு மண்வெட்டிக்குத் தாங்காத வீட்டுக்கு எதற்கு இத்தனை காவல் என்று நினைத்துக்கொள்வேன். சுரங்கத்தில் நான் எடுத்திருந்த படத்தைக் காட்டி மரியம்மாளிடம் இதைச் சொன்னேன்.

"வாசல்ல சண்டைக்கு நிக்கிறது ஆம்பள, உள்ள கெடந்து மாரடிக்கிறது பொம்பளயா? அட, இது எங்க லயத்து வண்டுல்ல!"

பெண்பார்க்க வந்தபோது

என் வீடு எலப்புள்ளியில். மகளைப் பெண்பார்க்க வருகிறார்கள் என்று ஊருக்குப் போனேன். மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"ஏனுங்க, பாரஸ்ட் ஆபீசுல வேலைன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க. அவங்க போற வரைக்கும் சாணின்னு மட்டும் வாயில எடுத்துறாதீங்க."

அதிகாரி வந்த நாள்

மழை பெய்திருந்தது. வைத்த சாணத்துக்கெல்லாம் வண்டுகள் இறங்கிவிட்டன. மறுநாள் காலை அதிகாரி வருகிறார் என்று செய்தி. வெகுநாளைக்குப் பிறகு எனக்கு நம்பிக்கை வந்தது. விடிந்ததும் அவரை அழைத்துவரக் கீழே போனேன். சோலையில் என்னோடு வேலை செய்யும் அருள்ராஜ் இருந்தார்.

திரும்பி வந்து பார்த்தால், சாணத்தின் சுவடே இல்லை. சாணத்தோடு அடிமண்ணையும் வெட்டி ஓடையில் கொட்டி, தரையை நிரவி, பிளீச்சிங் பவுடர் தூவி, நடுவில் ஒரு நாற்காலியும் போட்டிருந்தார் அருள்ராஜ். பெரிய ஆட்கள் வந்தால் எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்கும் அங்கன்வாடிக்கும் செய்கிற மரியாதை அது. நான் தோண்டினேன். வெள்ளைப் பொடிதான் வந்தது. இன்னொரு நாள் வரச் சொல்லிக் கேட்டேன். இன்றே எழுதி அனுப்ப வேண்டும் என்றார் அதிகாரி.

"நல்ல சுத்தமா வெச்சிருக்கீங்க. பூச்சி ஒண்ணும் இல்லல்லோ. ரோடு போட்டுக்கலாம், அல்லே?"

அவர் போனதும் அருள்ராஜ் சிரித்த முகத்தோடு என்னிடம் வந்தார்.

"என்ன சார், மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க? ஐயா ஒரு கொறையும் சொல்லலையே!"

எத்தனையோ மழையையும் மண்ணைக் கிளறும் காட்டுப்பன்றியையும் தாங்கிய வண்டுக்கு, எங்கள் மரியாதையை ஒரு காலைப்பொழுதுகூடத் தாங்க முடியவில்லை.